ஒரே குரலில் இரண்டு கடிதங்கள்: ஒரு முதுநிலைக் கல்விச் சான்றிதழ் விண்ணப்பம் பற்றிய நிகழ்வு ஆய்வு

சமூகத் திட்டம் ஒன்றைச் செய்து காட்ட வேண்டிய முதுநிலைக் கல்விச் சான்றிதழ் படிப்புக்கு ஓர் ஆசிரியை விண்ணப்பித்தார். முதல் தடவை விண்ணப்பம் திரும்பி வந்தது, இரண்டாவது தடவை ஏற்கப்பட்டது. இரண்டு தடவையும் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொன்னவன் நான். இதில் வருகிற ஆசிரியை, படிப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளர், ஒரு தாய் ஆகிய மூன்று பேரிடமும் இதைப் படித்துக் காட்டி, அவர்கள் எடுக்கச் சொன்னதை எடுத்திருக்கிறேன். பெயரோ ஊரோ நிறுவனமோ இதில் இல்லை.

பின்னணி

ஆசிரியைக்கு ஒன்பது வருட அனுபவம், நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறார். இரண்டு வருடம் விடுப்புப் போட்டு முழு முதுகலைப் பட்டம் படிக்க அவரால் முடியாது. வேலையில் இருந்துகொண்டே படிக்கிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று தேடி இந்தப் படிப்பைக் கண்டுபிடித்தார்.

இந்த வகைப் படிப்பைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இளங்கலை முடித்தவர்கள் சேரலாம். பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு பாடங்கள், பன்னிரண்டு முதல் பதினெட்டு கிரெடிட் (படித்த பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு), பகுதி நேரமாகப் படித்தால் ஒன்றிரண்டு வருடம். பல இடங்களில் இந்த கிரெடிட்டைப் பிறகு முதுகலைப் பட்டத்துக்குக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், சில இடங்களில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பெரும்பாலான இடங்களில் இதை மட்டும் வைத்து ஆசிரியர் உரிமமும் கிடைக்காது. சேருவதற்கு முன்பே இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். நம் ஆசிரியை முதலில் இதைக் கேட்கவில்லை, முதுகலையில் தானாகவே சேர்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கேட்டிருந்த ஆவணங்கள் இவை: மதிப்பெண் சான்றிதழ்கள், நோக்க அறிக்கை, இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், இரண்டு பக்கத் திட்டச் சுருக்கம், திட்டம் நடக்கப்போகிற சமூக அமைப்பிடமிருந்து ஓர் ஒத்துழைப்புக் கடிதம். கடைசி இரண்டும்தான் சாதாரண விண்ணப்பங்களில் இல்லாதவை. முதல் முறை நாங்கள் மிகக் குறைந்த நேரம் செலவழித்ததும் அந்த இரண்டுக்குத்தான்.

சமூக அமைப்பாக அவர் தேர்ந்தெடுத்தது, குடியிருப்பு மக்களே சேர்ந்து நடத்துகிற ஒரு மாலைநேரப் படிப்பு மையம். ஒரே கூடம், இரண்டு நீள மேசை, ஐந்தரையிலிருந்து ஏழரை வரை முப்பது பிள்ளைகள். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா பதினோரு வருடமாக அதை நடத்தி வருகிறார். சம்பளம் கிடையாது.

முதல் விண்ணப்பம்

ஆசிரியையின் முதல் திட்டம் இது. பெற்றோருக்குக் கணக்கு தெரியாததால் வீட்டில் பிள்ளைகளுக்கு உதவி கிடைப்பதில்லை, அதனால் வீட்டுப்பாடம் முடிக்காமல் வருகிறார்கள். ஆகவே பெற்றோருக்குப் பன்னிரண்டு வாரம் வகுப்பு எடுக்கலாம், முடிவில் பிள்ளைகளின் மதிப்பெண் எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்கலாம்.

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும். நானும் நல்ல யோசனை என்றுதான் சொன்னேன். நோக்க அறிக்கையில் பிரேசில் கல்வியாளர் பவுலோ ஃபிரேரேவை இரண்டு இடத்தில் எடுத்துக்காட்டியிருந்தார், வங்கியில் பணம் போடுகிற மாதிரி ஆசிரியர் மாணவரின் தலைக்குள் தகவலைப் போட்டு நிரப்புவதை அவர் கண்டித்தாரே, அந்த வாதம். அதே பக்கத்தின் அடியில், பெற்றோரை உட்கார வைத்துப் பன்னிரண்டு வாரம் பாடம் நடத்தப்போவதாகவும் எழுதியிருந்தார். இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துக்கொள்வது அன்றைக்கு எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. 1963இல் பிரேசிலின் அஞ்சிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரப் பாடத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்தார்களே, அதில் ஃபிரேரேவின் குழு முதல் வேலையாகப் பாடம் நடத்தத் தொடங்கவில்லை. அந்த மக்கள் அன்றாடம் புழங்குகிற சொற்கள் எவை என்று அவர்களிடமே போய்க் கேட்டுத் திரட்டியது. நாங்கள் அவர் பெயரை எடுத்துக்கொண்டோம், அவர் செய்த முதல் வேலையை விட்டுவிட்டோம்.

ஒத்துழைப்புக் கடிதம் வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். அந்த அம்மாவுக்கு எழுத நேரம் இருக்காது என்று ஆசிரியையே ஒரு வரைவு தயாரித்தார், அதை நான் திருத்தி மெருகேற்றிக் கொடுத்தேன். ஆசிரியை மையத்துக்குப் போய் நீட்டினார். அந்த அம்மா ஒரு பையனின் கூட்டல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார், பேனாவை வாங்கி மேசை ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டு, “நல்லா நடக்கட்டும் டீச்சர்” என்று சொல்லிவிட்டு மறுபடி கணக்குக்குத் திரும்பினார். மொத்தம் மூன்று நிமிடம் ஆகியிருக்கும். கடிதத்தில் என்ன இருந்தது என்று அவர் படிக்கவில்லை.

பரிந்துரைக் கடிதங்கள் இரண்டும் பள்ளிக்குள்ளேயே வாங்கியவை. தலைமையாசிரியர் ஒன்று, கணக்குத் துறையில் மூத்த ஆசிரியர் ஒன்று. வகுப்பில் நன்றாகப் பாடம் நடத்துவார், நேரம் தவறாதவர், தேர்ச்சி விகிதம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் உண்மைதான். பள்ளிக்கு வெளியே இவர் மக்களோடு சேர்ந்து எப்படி வேலை செய்வார் என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

திரும்பி வந்த மூன்று வரிகள்

ஒன்பது வாரம் கழித்துப் பதில் வந்தது. இந்தச் சுற்றில் சேர்க்க இயலவில்லை, திட்டப் பகுதியைத் திருத்தி அடுத்த சுற்றில் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. கீழே மதிப்பீட்டாளர் குறிப்பாக மூன்றே வரி. ஒத்துழைப்புக் கடிதமும் திட்டச் சுருக்கமும் ஒரே குரலில் இருக்கின்றன. இது யாருடைய தேவை என்பது தெரியவில்லை. பெற்றோரிடம் இல்லாதது மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது.

ஆசிரியைக்கு முதலில் கோபம். பதினோரு வருடம் நடக்கிற மையம், ஒன்பது வருட அனுபவம், இதை விட என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டார். எனக்கோ அந்த முதல் வரியைப் படித்ததுமே முகம் சுருங்கிவிட்டது. அந்த ஒரே குரல் பாதி என்னுடையது. ‘நிலையான தாக்கம்’ என்ற சொல்லை இரண்டு ஆவணத்திலும் வைத்தவனே நான். பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பேசுகிற ஓர் அம்மா தன் கடிதத்தில் நிலையான தாக்கம் என்று எழுதவே மாட்டார். இதை அன்றைக்கே ஆசிரியையிடம் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அவர் ஓரளவு ஆறியதும், ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் எழுதிய மக்கள் பங்கேற்பு ஏணியை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டோம். அதில் எட்டுப் படி. அடிப்படியில் மக்களை வெறும் பேருக்குச் சேர்த்துக்கொள்வது, இரண்டாவது படியில் மக்களிடம் குறை இருப்பதாக வைத்து அவர்களைக் குணப்படுத்தக் கிளம்புவது, நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது, ஆறாவது படிக்குப் போனால்தான் கூட்டாளியாக உட்கார்வது, அதற்கு மேலே முடிவெடுக்கும் அதிகாரமே மக்கள் கைக்குப் போவது. எங்கள் திட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்தோம். நான்காவதாவது வரும் என்று நான் நினைத்தேன். பெற்றோரிடம் நாங்கள் ஒரு கருத்தும் கேட்டிருக்கவில்லை, அதனால் நான்கு இல்லை. அவர்களுக்குக் கணக்கு வராது, அதைச் சரிசெய்கிறோம் என்பதுதான் திட்டம். அது இரண்டாவது படி. ஆசிரியைதான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்.

ஆறு வாரம், நோட்டுப் புத்தகம் இல்லாமல்

அடுத்த சுற்றுக்கு ஏழு மாதம் இருந்தது. விண்ணப்பத்தைத் தொடாமல் ஆறு வாரம் மையத்துக்குப் போய்வருவது, வாரம் இரண்டு நாள், மற்ற தன்னார்வலர்கள் செய்கிற வேலையையே செய்வது என்று முடிவெடுத்தோம். குறிப்பு எடுக்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, யாரையும் பேட்டி காணக் கூடாது.

இந்தத் தடை பலருக்கு வினோதமாகத் தெரியலாம். காரணம் இருக்கிறது. மனிதர்களை வைத்து ஆய்வு செய்வதற்கு நெறிமுறைக் குழுவின் (ஆய்வில் சேர்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்க்கிற குழு) அனுமதி வேண்டும் என்பது இன்றைக்குப் பல்கலைக்கழகங்களில் பொது நடைமுறை. 1979இல் அமெரிக்காவில் வந்த பெல்மாண்ட் அறிக்கை மனிதர்களை மதிப்பது, நன்மை செய்வது, நீதியாக நடப்பது என்று மூன்று கொள்கைகளை வகுத்தது, இன்றைய விதிகள் பல அதன் மேல் நிற்கின்றன. பிள்ளைகள் என்றால் பெற்றோரின் ஒப்புதலோடு பிள்ளையின் இசைவும் வேண்டும். படிப்பில் சேராத ஒருவருக்கு அந்த அனுமதி வாங்கப் பொதுவாக வழி இல்லை. முதல் விண்ணப்பத்துக்காக ஆசிரியை நான்கைந்து பிள்ளைகளின் கணக்கு நோட்டைப் போனில் படம் பிடித்து வைத்திருந்தார், பெயர் தெரிகிற அட்டையோடு. அவற்றை அழிக்கச் சொன்னேன், அழித்துவிட்டார். அந்த அம்மாவிடமும் போய், இப்படி எடுத்தேன், தப்பு, அழித்துவிட்டேன் என்று சொன்னார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி, இப்ப சொன்னீங்களே, அது போதும்” என்றாராம்.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா இவரிடம் கொஞ்சம் மனம் விட்டுப் பேச ஆரம்பித்தார்.

கவனித்தவை

முதல் இரண்டு வாரம் பெரிதாக எதுவும் இல்லை. பென்சில் சீவிக் கொடுத்தார், வாய்ப்பாடு கேட்டார். பிள்ளைகள் பலர் “இன்னைக்கு ஹோம்வொர்க் இல்ல டீச்சர்” என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பது வருட அனுபவத்தில் எத்தனை பிள்ளைகள் இப்படிப் பொய் சொல்லிக் கேட்டிருப்பார், இதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

மூன்றாவது வாரம் ஒரு பெண் குழந்தையிடம் கொஞ்சம் அழுத்திக் கேட்டார். அது சொன்ன பதில்: “இருக்கும் டீச்சர், ஆனா என்னன்னு அப்பா வந்தாத்தான் தெரியும்.” விசாரித்தால் விஷயம் இதுதான். பள்ளியில் வீட்டுப்பாடத்தை இப்போது கரும்பலகையில் எழுதிப் போடுவதில்லை, மாலையில் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படமாக அனுப்புகிறார்கள். பெற்றோருக்கும் தெரியட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்த ஏற்பாடு. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பாவோடு வேலைக்குப் போகிறது, ஒன்பது மணிக்குத் திரும்பி வருகிறது. மையம் ஏழரைக்கு மூடிவிடுகிறது. உதவி கிடைக்கிற நேரத்தில் பிள்ளையிடம் வீட்டுப்பாடம் இருக்காது, வீட்டுப்பாடம் வருகிற நேரத்தில் உதவி இருக்காது, பிள்ளையும் தூங்கிப்போயிருக்கும்.

அந்த அம்மாவிடம் கேட்டதற்கு, இது தனக்கு ஒரு வருடமாகத் தெரியும், யாரும் கேட்கவில்லை என்றார். “நீங்க பெத்தவங்களுக்குக் கிளாஸ் எடுக்கணும்னு வந்தீங்க டீச்சர். நல்ல மனசோட வர்றவங்ககிட்ட வேண்டாம்னு எப்படிச் சொல்றது?”

ஆசிரியை அன்றிரவு எனக்குப் போன் செய்தார். குரல் சரியில்லை. தன் பள்ளியில் தானும் வீட்டுப்பாடத்தைக் குழுவில்தான் அனுப்புவதாகச் சொன்னார், அதுவும் பெரும்பாலும் ராத்திரி எட்டு மணிக்கு, வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு. ஒன்பது வருடத்தில் வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து வெளியே நின்ற பிள்ளைகளை நினைத்துக்கொண்டு பேசினார். அடுத்த நாளிலிருந்து மூன்றாவது பீரியடிலேயே பலகையில் எழுதிப் போட ஆரம்பித்துவிட்டார். விண்ணப்பம் ஏற்கப்படுவதற்கு முன்னாலேயே நடந்த மாற்றம் இது, எனக்கு இந்த முழு நிகழ்விலும் பெரிதாகத் தெரிவதும் இதுதான்.

இரண்டாவது விஷயம் ஐந்தாவது வாரம். ஒரு பையன் 34ஐ நான்கால் வகுத்துக்கொண்டிருந்தான். எட்டு முறை போனது, மீதி 2, அதோடு நின்றுவிட்டான். மீதியை என்ன செய்வது என்று தெரியவில்லை. அழைத்துப் போக வந்த அவன் அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தையல் வேலை செய்பவர், கழுத்தில் டேப் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து 34ஆம் இஞ்சை டேப்பின் நுனியோடு சேர்த்து ஒரு மடி மடித்தார், மறுபடி ஒரு மடி, மடிப்பு விழுந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து மகனிடம் நீட்டினார். “எட்டரை.” பையன் கேட்டான், அப்ப அந்த ரெண்டு எங்கே போச்சு? “ரெண்டை நாலு பக்கமும் பிரிச்சா பக்கத்துக்கு அரை. அதான் எட்டோட அரை.” சொல்லிவிட்டு ஆசிரியையைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்து, “எனக்குக் கணக்கெல்லாம் வராது டீச்சர்” என்றார்.

லூயிஸ் மாலும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 1992இல் எழுதியது இதைப் பற்றித்தான். அமெரிக்காவின் அரிசோனாவில், ஆசிரியர்களையே மாணவர்களின் வீடுகளுக்கு அனுப்பினார்கள், புத்தி சொல்ல இல்லை, கற்றுக்கொள்ள. வீட்டுக்கு வீடு விவசாயம், கட்டுமானம், வியாபாரம், மருத்துவம் என்று அறிவு குவிந்து கிடப்பதைப் பார்த்தார்கள். அதற்கு அறிவு நிதி என்று பெயர். ஆசிரியை இதை இரண்டு வருடம் முன்பே படித்திருந்தார். அந்த டேப்பைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பெற்றோர் வகுப்பைக் கைவிட்டோம். இதில் ஆசிரியைக்குத் தயக்கம் இருந்தது, திட்டத்தையே மாற்றினால் நிலையில்லாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்று. திட்டம் ஏன் மாறியது என்பதை அறிக்கையிலேயே வெளிப்படையாக எழுதிவிடுவது என்று முடிவு செய்தோம். மாற்றத்தை மறைத்துப் புதுத் திட்டம் மாதிரிக் கொடுத்திருந்தால், அந்த ஆறு வாரமும் மதிப்பீட்டாளருக்குத் தெரியாமலே போயிருக்கும்.

புதுத் திட்டத்தில் இரண்டு வேலை. ஒன்று, அருகிலுள்ள இரண்டு பள்ளிகளின் வகுப்பு ஆசிரியர்களிடம் பேசி, மாலை ஐந்து மணிக்குள் வீட்டுப்பாடத்தை மையத்தின் எண்ணுக்கும் அனுப்ப வைப்பது, மையத்தில் அதை ஒரு பலகையில் எழுதிப் போடுவது. மையத்தின் எண்ணை வகுப்புக் குழுவிலேயே சேர்த்துவிடலாமே என்று நான் சொன்னேன். அந்த அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. எல்லாப் பெற்றோரின் எண்ணும் அதில் இருக்கும், நமக்கு அது எதற்கு என்றார். அவர் சொன்னதே சரி. இரண்டு, தையல், தச்சு, கடை என்று வேலை செய்கிற பெற்றோர் தாங்கள் போடுகிற கணக்கை வாரம் ஒரு நாள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது.

அளவைச் சின்னதாக வைத்தோம். பத்து வாரம், ஒரே மையம். மதிப்பெண் உயர்வை முடிவாக வைக்கவில்லை, பத்து வாரத்தில் மதிப்பெண் கூடினாலும் குறைந்தாலும் அதற்கு இதுதான் காரணம் என்று யாராலும் சொல்ல முடியாது. எத்தனை நாள் பலகை நிரம்பியது, மையத்திலேயே வீட்டுப்பாடம் முடித்துப் போன பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுவது மட்டும். 1946இல் உளவியலாளர் கர்ட் லெவின் செயல் ஆய்வைப் (செய்துகொண்டே கற்று, கற்றதை வைத்துத் திருத்துகிற ஆய்வு) பற்றி எழுதியபோது சொன்ன சுழற்சி இதற்குப் பொருந்தியது: திட்டமிடு, செய், என்ன ஆனது என்று பார், பார்த்ததை வைத்து அடுத்த திட்டத்தைத் திருத்து. மூன்றாவது வாரமும் ஏழாவது வாரமும் நின்று பார்ப்பது என்று அட்டவணையிலேயே போட்டோம்.

அந்த அம்மா மூன்று நிபந்தனை வைத்தார். பரீட்சை நேரத்தில் எதுவும் கூடாது. எந்தப் பிள்ளையின் பெயரும் வெளியே போகக் கூடாது. கடைசி அறிக்கையைக் கல்லூரிக்குக் கொடுப்பதற்கு முன்னால் மையத்தின் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். அப்புறம் ஒரு கேள்வி: “சர்டிபிகேட் கிடைச்ச பிறகு இந்தப் போர்டு என்ன ஆகும்?” ஆசிரியையிடம் அன்று பதில் இல்லை. ஒரு வாரம் யோசித்து, பலகை எழுதும் பொறுப்பை முதல் நாளிலிருந்தே பெரிய பிள்ளைகள் இருவரிடம் கொடுப்பது, தான் எழுதவே கூடாது என்று தீர்மானித்தார். ஆரம்பத்தில் தானே எழுதிப் பிறகு ஒப்படைப்பதை விட இது நல்லது என்று இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாவது விண்ணப்பம்

ஒத்துழைப்புக் கடிதத்தை இந்தத் தடவை நாங்கள் தொடவில்லை. அந்த அம்மாவே கையால் அரைப் பக்கம் எழுதினார். எங்களுக்கு இன்னொரு வகுப்பு வேண்டாம் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தப்பு, இந்த டீச்சர் ஆறு வாரம் வந்து உட்கார்ந்த பிறகு சொன்னேன் என்று ஆரம்பித்து, மூன்று நிபந்தனைகளையும் எழுதி, இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டால் வரலாம் என்று முடித்திருந்தார். எழுத்துப் பிழை இரண்டு மூன்று இருந்தது. ஆசிரியைக்குப் பயம், இது அழைப்பா எச்சரிக்கையா என்று கேட்டார். ஒரு எழுத்தைக்கூட மாற்றாமல் அப்படியே வைக்கச் சொன்னேன்.

பரிந்துரைக் கடிதங்களில் தலைமையாசிரியருடையது அப்படியே இருந்தது. இரண்டாவது கடிதம், மையத்தில் இவரோடு உட்கார்ந்த மூத்த தன்னார்வலர் ஒருவர் எழுதியது. நோட்டுப் படங்களை அழித்துவிட்டு வந்து சொன்ன சம்பவத்தை அவர் அதில் எழுதியிருந்தார். அதை எடுத்துவிடச் சொல்லலாமா என்று ஆசிரியை கேட்டார், நானும் ஒரு நாள் யோசித்தேன். கடைசியில் இருக்கட்டும் என்று விட்டோம்.

டேப் சம்பவத்தை நோக்க அறிக்கையில் எழுதலாமா என்பதும் ஒரு கேள்வி. ஆய்வு இல்லை, குறிப்பு எடுக்கவில்லை என்றாலும் அது இன்னொருவர் வாழ்க்கையில் நடந்தது. அந்தத் தாயிடம் எழுதியதைப் படித்துக் காட்டினார். அவர் ஒரு திருத்தம் சொன்னார், “கணக்கு வராதுன்னு நான் சொன்னதையும் போட்டிருக்கீங்க. அதுக்குக் கீழே இப்ப வரும்னு போடுங்க.” போட்டார்.

ஃபிரேரே ஒரே ஒரு இடத்தில் வந்தார். மற்ற இடமெல்லாம் மையத்துக்குப் போனது.

சேர்ந்த பிறகு நடந்தது

ஏற்கப்பட்டது. நெறிமுறைக் குழுவின் அனுமதி வந்த பிறகே திட்டம் தொடங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அங்கேதான் எங்கள் அட்டவணை சரிந்தது. மூன்று வாரத்தில் அனுமதி வந்துவிடும் என்று போட்டிருந்தோம், பத்து வாரம் ஆனது. ஒப்புதல் படிவம் கடினமான நடையில் இருக்கிறது, பெற்றோருக்குப் புரியாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். பிள்ளைகளோடு வேலை செய்வதற்கான பின்னணிச் சரிபார்ப்பு வேறு தனியாக. கொஞ்சம் அலுப்பாக இருந்தாலும் படிவம் பற்றி அவர்கள் சொன்னது உண்மை. மூன்றாவது வடிவத்தை அந்த அம்மாவிடம் கொடுத்து அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதியது, அதுதான் தேறியது.

தாமதம் பரீட்சை நேரத்தை நெருக்கியது. அந்த அம்மாவின் முதல் நிபந்தனை அப்படியே நிற்க வேண்டும் என்பதால் பத்து வாரத் திட்டம் ஆறு வாரமாகச் சுருங்கியது. ஏழாவது வார நிறுத்தம் என்று ஒன்று இல்லாமலே போனது.

பலகை முப்பது வேலை நாளில் இருபத்தொரு நாள் நிரம்பியது. ஒரு பள்ளியிலிருந்து ஒழுங்காக வந்தது. இன்னொரு பள்ளியில் ஒத்துக்கொண்ட ஆசிரியர் விடுப்பில் போனதும் ஒரு வாரத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை, அவருக்குப் பதிலாக வந்தவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பலகை நிரம்பிய நாட்களில் மையத்திலேயே வேலையை முடித்துப் போன பிள்ளைகள் அதிகம், அது எண்ணாமலே கண்ணுக்குத் தெரிந்தது.

பெற்றோர் செய்து காட்டுவது அவ்வளவு நன்றாகப் போகவில்லை. ஒன்பது பேர் ஒத்துக்கொண்டார்கள், ஐந்து பேர் வந்தார்கள். வேலை முடிந்து ஆறு மணிக்கு வருவது பலருக்கு முடியவில்லை. தையல் வேலை செய்கிற தாய் மூன்று முறை வந்தார், மூன்றாவது முறை பிள்ளைகளையே ஒருவரை ஒருவர் அளக்க வைத்து, மார்பளவில் நான்கில் ஒரு பங்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். வராதவர்களைப் பற்றி ஆசிரியை அறிக்கையில் அப்படியே எழுதினார், காரணத்தோடு.

கூட்டத்தில் அறிக்கையைப் படித்துக் காட்டியபோது ஒருவர் எழுந்து, ‘பின்தங்கிய பிள்ளைகள்’ என்று ஓர் இடத்தில் வருகிறதே, யாரை விடப் பின்தங்கியவர்கள் என்று கேட்டார். ஆசிரியை அந்த வரியை அங்கேயே அடித்தார். ‘வீட்டுப்பாடம் நேரத்துக்குக் கிடைக்காத பிள்ளைகள்’ என்று எழுதிப் படித்துக் காட்டி, சரியா என்று கேட்டு, அப்புறம்தான் கல்லூரிக்குக் கொடுத்தார்.

மறுபடியும் செய்தால் எதை மாற்றுவோம்

ஒத்துழைப்புக் கடிதத்தை எந்தக் காரணத்துக்காகவும் நாம் எழுதிக் கொடுக்க மாட்டோம். அவர்களுக்கு எழுத நேரம் இல்லையென்றால் அவர்கள் பேசப் பேச நாம் எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, அதன் பிறகு கையெழுத்து வாங்குவோம். இது என் பக்கத் திருத்தம்.

மையத்துக்குப் போய் உட்கார்வதை முதல் விண்ணப்பத்துக்கு முன்னாலேயே வைப்போம். ஆசிரியை ஒரு படி மேலே போய், எந்தப் படிப்பில் சேர்வது என்பதையே அதற்குப் பிறகு முடிவு செய்திருக்க வேண்டும் என்கிறார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். கடைசித் தேதி என்று ஒன்று இல்லாமல் இருந்திருந்தால் அவர் மையத்துக்கே போயிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

நெறிமுறை அனுமதிக்கு மூன்று மாதம் ஒதுக்குவோம், ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்துப் போடப்போகிறவர்களோடு உட்கார்ந்து முதல் தடவையே எழுதுவோம். பள்ளிகளில் ஒரு ஆசிரியரை மட்டும் நம்பாமல் இரண்டு பேரிடம் சொல்லி வைப்போம். பெற்றோர் வருகிற நேரத்தை நாம் குறிக்காமல் அவர்களிடம் கேட்டுக் குறிப்போம், இதை ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று எங்கள் இருவருக்கும் வருத்தம்தான், அவ்வளவு கேட்ட பிறகும் இதைக் கேட்காமல் விட்டிருக்கிறோம்.

செலவு விஷயத்தையும் திட்டத்தில் எழுதவே இல்லை. பலகை, மார்க்கர், படிவ நகல் எல்லாம் ஆசிரியை கையிலிருந்து போனது. அந்த அம்மா செலவழித்த மணி நேரத்தை யாரும் கணக்கிலேயே எடுக்கவில்லை. அடுத்த முறை ஒத்துழைக்கிறவர்களின் நேரத்துக்கு ஏதாவது தொகை உண்டா என்று படிப்பை நடத்துபவர்களிடம் விண்ணப்பத்துக்கு முன்பே கேட்போம். இல்லை என்றால் அதை அந்த அம்மாவிடமும் முதலிலேயே சொல்வோம்.

கிரெடிட் விஷயத்தில், ஆறில் நான்கு பாடங்களை மட்டும்தான் முதுகலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது. ஆசிரியை இப்போது நான்காவது பாடத்தில் இருக்கிறார். பலகை இருக்கிறது. எழுதுகிற இரண்டு பிள்ளைகளில் ஒருவர் பெரிய வகுப்புக்குப் போய்விட்டதால் அந்த இடத்துக்கு அந்தப் பையன் வந்திருக்கிறான், மீதி 2ஐ எங்கே என்று கேட்டவன்.